அம்மா வந்திருக்கு

எங்கள் மலையில் சில வார்த்தைகளைப் பச்சையாகச் சொல்ல மாட்டார்கள். உடம்பில் முத்துப் போட்டால் அம்மை நோய் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. "அம்மா வந்திருக்கு" என்பார்கள். மாரியாத்தா அந்த வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். வாசலில் வேப்பிலை தொங்கும். வெளியே இருப்பவர் உள்ளே போகமாட்டார், உள்ளே இருப்பவர் வெளியே வரமாட்டார். முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, "அம்மா எறங்கிட்டா" என்று பெண்கள் குலவை போட்டு வழியனுப்புவார்கள். இது தெரியாதவர்கள் இருப்பார்களா என்று கேட்டேன். இருப்பார்கள், முதலில் இதைச் சொல்லு என்று என் மகள் பிடிவாதம் பிடித்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் இல்லையா, நான் பேசுகிறபடி எழுத மாட்டாள். நான் "வந்துச்சு" என்றால் "வந்தது" என்று எழுதுகிறாள். எழுதிவிட்டுப் போகட்டும், காய்ச்சல் வந்தது என்றாலும் வந்துச்சு என்றாலும் செத்தவர்கள் திரும்பி வரப்போவதில்லை.

ஜெர்மன்காரனோடு போட்ட பெரிய சண்டை ஓய்கிற சமயத்தில் வந்த காய்ச்சல் அது. வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பேர் எங்கள் வாயில் நுழையவில்லை, நாங்கள் விஷக்காய்ச்சல் என்றோம். தேயிலைத் தோட்டத்து ஆட்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று பதுளைக் கடைவீதியில் பேசினார்கள். கடைக்காரர்கள்தான் பண்டாரவளை ரயிலடியில் சாமான் மூட்டையோடு சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று நாங்கள் பேசினோம். இரண்டு பக்கமும் ஆள் சாகச் சாக அந்தப் பேச்சு தானாக அடங்கியது. எங்களுக்குக் காலமெல்லாம் சாமான் கொடுத்த முதலாளி, கடைப்பலகையில் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு, அந்தச் சந்து வழியாகக் கருவாட்டையும் கற்பூரத்தையும் முறத்தில் வைத்துத் தள்ளினார். பிறகு அந்தப் பலகையையும் மாட்டிவிட்டார். அவருடைய வீட்டம்மாவும் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

எங்கள் தோட்டம் பசறை ரோட்டிலிருந்து ஏறுகிற மலையில் இருந்தது. ரோட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பாலம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அதற்குக் குறுக்கே மூங்கிலைக் கட்டிக் காவல்காரனை உட்கார வைத்தார். யாரும் உள்ளே வரக்கூடாது, யாரும் வெளியே போகக்கூடாது. அரிசி வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பியது. காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் ஒன்றாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது நின்றது. தப்பு மேளம் அடிப்பதும் நின்றது, சாவுக்குக்கூட அடிக்கக் கூடாது. தப்புச் சத்தம் கேட்டால் ஆள் கூடும், பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், காய்ச்சல் பரவும் என்று துரைக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒரு மனுஷன் செத்ததை நாலு பேருக்குச் சொல்லாமல் எப்படிக் கொண்டுபோய்ப் புதைப்பது என்று எங்களுக்கு விளங்கவில்லை. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய அறைகள், குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. எதிர் லயத்தில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்பதைக் காலையில் எந்தக் கூரையில் புகை வருகிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இந்த உத்தரவுகளை எல்லாம் எங்களிடம் கொண்டுவந்தவர், ஆட்களை வேலை வாங்குகிற எங்கள் கங்காணி. கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கையில் பிரம்பு, காலில் கிரீச்சிடுகிற செருப்பு. மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, காலையில் லயத்து முற்றத்தில் தள்ளி நின்று ஒவ்வொரு காம்பராவாகக் கூப்பிட்டுக் கேட்பார். "வெளியாளு எவனையாச்சும் உள்ள வச்சிருந்தீங்க, அந்த ஆளோட சேத்து உங்களையும் பாலத்துக்கு அந்தாண்ட தள்ளிருவேன். சொல்லலைன்னு அப்பறம் வந்து நிக்காதீங்க." வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அப்புத்தளையிலிருந்து வந்த மச்சானை ஒளித்து வைத்திருந்த ஒரு குடும்பத்தைச் சட்டி பானையோடு கொண்டுபோய் ரோட்டில் விட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கமும் அவர்களைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. அவர்கள் கதி என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கங்காணியை நான் வாயில் வந்தபடி எல்லாம் வைதிருக்கிறேன், அவர் காதில் விழாமல்தான்.

அப்போது நான் நிறைமாத கர்ப்பிணி. தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போகவேண்டும், அதுதான் முறை. என் தாய்வீடு பூனாகலையில். வளைகாப்புப் போட்டு அழைத்துப் போக அம்மா நாள் பார்த்து வைத்திருந்த நேரத்தில்தான் பாலத்தில் மூங்கிலைக் கட்டினார்கள். சரி, தோட்டத்து மருத்துவச்சி இருக்கிறாளே என்று பார்த்தால் அவள் ஆரம்பத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அந்தக் காய்ச்சலுக்கு வயிற்றுப்பிள்ளைக்காரிகள் மேல் அப்படி என்ன கோபமோ, தேடித் தேடிப் பிடித்தது. எங்களுடையது லயத்தின் கோடிக் காம்பரா. பக்கத்துக் காம்பராவில் இருந்தவளும் வயிற்றுப்பிள்ளைக்காரிதான், அவள் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அவள் புருஷனும் பின்னாலேயே போனான். அந்தக் காம்பராவைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் உள்ள காம்பராக்களில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கும் காய்ச்சல் கண்டது.

என் புருஷன் வாயில்லாப் பூச்சி. பொய் சொல்லவே தெரியாது. அது நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வார்கள், அவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரைப் பெற்றவள் அவருடைய சின்ன வயதிலேயே, கடல் தாண்டி இங்கே நடந்து வந்த வழியில் செத்துப்போனாள். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து வளர்த்தது அந்தக் கங்காணியின் ஆட்கள்தான். என் உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறதைப் பார்த்து அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அரிசி வண்டிக்காரனிடம் கத்திச் சொல்லியிருக்கிறார், பூனாகலைப் பக்கம் போகிற வண்டிக்காரன் யாராவது கண்ணில் பட்டால் தன் மாமியாருக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு என்று. அந்த ஒரு வார்த்தை யார் யார் வாயிலோ ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு விடியற்காலையில் அம்மா எங்கள் காம்பராவுக்குள் நின்றாள். சேலை இடுப்புவரை நனைந்திருந்தது. பாலத்துப் பக்கம் வராமல் கீழே ஆற்றில் இறங்கித் தேயிலைக்குள் ஏறி வந்திருக்கிறாள். காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. எல்ல, தெமோதர, ஹாலிஎல என்று வழி நெடுக நடந்தே வந்திருக்கிறாள். ஒரு வீட்டிலும் தின்னக் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டிருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டார்களாம். பூட்டிக் கிடந்த ஒரு கோயில் வாசலில் படுத்துக் கிடந்திருக்கிறாள். அங்கே உன் தோட்டத்திலும் காவல் போட்டிருப்பார்களே, எப்படி வந்தாய் என்று கேட்டேன். "காவக்காரனுக்குத் தூக்கம் வராதா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டுப் போகாதே என்று அழுதேன். "பேசாமப் படு. பிள்ளையக் கையில வாங்காம நான் எங்க போறேன்."

அந்தக் காலத்தில் மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள், அவர் முன்னால் நிற்கவும் மாட்டாள். ஒரே ஒரு காம்பராவுக்குள் எங்கே போய் மறைந்து நிற்பது? என் புருஷன் துண்டை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு, அதாவது வாசல் திண்ணைக்கு, குடிபோய்விட்டார். அம்மா அவரிடம் சொல்லவேண்டியதை எல்லாம் என்னிடம் சொல்வாள். நான் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாலும், "அடியே, மாப்பிள்ளகிட்ட வெறகு வேணும்னு சொல்லு" என்பாள். வெளியே இருந்து விறகு வரும்.

அம்மா வந்த அன்று காலையிலேயே கங்காணியும் வந்துவிட்டார். உள்ளே அம்மா சுக்கு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் கேட்டு அவர் முற்றத்திலேயே நின்றார்.

"யாருடா உள்ள இடிக்கிறது? அவ எந்திரிக்க முடியாமக் கெடக்கான்னுதான நேத்துச் சொன்ன?"

என் புருஷன் எழுந்து நின்றார். அவர் வாயிலும் துண்டு கட்டியிருந்தது. இந்த மனுஷன் உள்ளதைச் சொல்லப்போகிறார், அம்மாவையும் எங்களையும் சேர்த்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளப்போகிறார்கள், நான் ரோட்டோரத்தில் பிள்ளை பெற்றுச் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். அவர் உள்ளதைத்தான் சொன்னார். "அவ அம்மா வந்திருக்கு" என்றுதான் சொன்னார். ஆனால் "அவ" என்று தொடங்கும்போதே இருமல் வந்துவிட்டது. அந்த வார்த்தை இருமலோடு போய்விட்டது. மிச்சம்தான் கங்காணி காதில் விழுந்தது.

"அம்மா வந்திருக்கு."

கங்காணிக்கு இவரைச் சின்ன வயதிலிருந்து தெரியும். இவருக்குத் தாய் இல்லை என்பதும் தெரியும். மாமியாரை எந்த ஆண்பிள்ளையும் அம்மா என்று சொல்வதில்லை, அத்தை என்றுதான் சொல்வான். அப்படியானால் வந்திருக்கிற அம்மா வேறு யாராக இருக்க முடியும்? நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அவர் பிரம்பைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் கதவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எப்பப்பா வந்தா?"

"விடியக்காலைலங்க."

"கோவமா இருக்காளா?"

"கோவமாத்தாங்க இருக்கு. வழியெல்லாம் ஒருத்தரும் தண்ணிகூடக் குடுக்கலையாம்."

கங்காணி ஓரடி பின்னால் எடுத்து வைத்தார். "சொன்னாளா? வாயத் தொறந்து சொன்னாளா?"

"ஆமாங்க. ஏன் இம்புட்டு நாளா ஆளனுப்பலன்னு என்னையும் வைஞ்சுச்சு."

"எது வரைக்கும் இருப்பாளாம்?"

"பிள்ள பொறக்குற வரைக்கும் இருக்கேன்னு சொல்லியிருக்கு. ஐயாகிட்டச் சொல்லவேணாம்னும் சொல்லுச்சுங்க. நான்தான் மறைக்கத் தெரியாமச் சொல்லிப்புட்டேன்."

"என்னையுமா சொன்னா?"

"ஐயாவத்தான் முக்கியமா சொல்லுச்சு."

அவர் இன்னும் ஒருமுறை கும்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தொரைக்கு இது தெரியக்கூடாது. தெரிஞ்சா வண்டியக் கொண்டாந்து ஆஸ்பத்திரிக்கு ஏத்திருவான். அம்மாவத் தூக்கிட்டுப் போறதுக்கு அவன் யாரு? நான் பாத்துக்குறேன். நீ வாயத் தொறக்காத" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார்.

என் புருஷன் கதவுக்கு வெளியே நின்று எனக்குச் சொன்னார். "கங்காணி நல்ல மனுசன்தான். நாமதான் தப்பா நெனச்சோம். ஆனா அத்தைய அவ இவன்னு பேசுறாரு, அதுதான் எனக்குப் புடிக்கல." அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து சிரித்தாள். அவள் உடம்பெல்லாம் குலுங்கியது. அந்தக் காய்ச்சலிலும் எனக்கும் சிரிப்பு வந்தது. அவருக்கு விஷயம் விளங்குவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது, முற்றத்தின் ஓரத்தில் ஒரு கட்டு வேப்பிலையைப் பார்த்த பிறகுதான். வேம்பு எங்கள் மலையில் லேசில் பிடிக்காது. பதுளைச் சூட்டுக்கு மாரியம்மன் கோயிலில் ஒரே ஒரு மரம் பிடித்திருந்தது. பாலத்தைத் தாண்ட அனுமதி இருந்தவர் கங்காணி ஒருவர்தான். தானே போய் ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அதைக் கட்ட எனக்குப் பயமாக இருந்தது. ஆத்தா பேரில் பொய்யாக வேப்பிலை கட்டினால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நான் ஒனக்கு யாரு?"

"அம்மா."

"வந்திருக்கேனா இல்லையா?"

"வந்திருக்க."

"அப்பறம் என்னடி பொய்யி?" என்று அவளே கட்டினாள்.

மறுநாளிலிருந்து நீரோடைக்கு அந்தப் பக்கம் உள்ள கீழ் லயத்துப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். அம்மா வந்த வீட்டுக்குக் குளிர்ச்சியாகக் கொடுப்பது வழக்கம். ஓடைக் கல்லின் மேல் கூழ்ச் சட்டியையும் மோரையும் வைத்துவிட்டு, தள்ளி நின்று, "ஆத்தா, குளுந்து போ" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். அந்த நாளில் யார் வீட்டில் அரிசி மிச்சம் இருந்தது? தங்கள் பிள்ளைகளின் தட்டில் குறைத்துக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி எங்கே பிடித்தாளோ, ஒரு இளநீர்கூடக் கொண்டுவந்தாள். என் புருஷன் போய் எடுத்து வருவார். எடுக்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும், ஏமாற்றுகிறோமே என்று. எங்களுக்கு அந்தக் கூழ் இல்லையென்றால் அடுப்பே இல்லை. நான் அதைக் குடித்துத்தான் பிழைத்தேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அம்மாவுக்குத்தான் ஒரு கஷ்டம். அம்மா வந்த வீட்டில் தாளிக்கக்கூடாது, எண்ணெய் வாசம் வரக்கூடாது. காய்ச்சல்காரிக்கு மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைக்க அவள் கை துடிக்கும். தாளித்தால் ஓடைவரை மணக்கும். "இந்த ஆத்தா ஒரு ரசம் வைக்க விடமாட்டேங்குறாளே" என்று தன்னையே வைதுகொண்டு மல்லித்தண்ணி கொதிக்க வைப்பாள். ராத்திரி பகல் பார்க்காமல் ஈரத்துணி மாற்றினாள். என் தலையைத் தன் மடியை விட்டு இறக்கவே இல்லை.

ஒரு நாள் முற்பகல் எனக்கு வலி எடுத்தது. அதே நேரத்தில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. துரையும் மருந்துக்கார ஐயாவும் லயம் லயமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள், கங்காணி முன்னால் ஓடிவந்தார். அம்மா தன் முந்தானையைச் சுருட்டி என் வாயில் வைத்தாள். "கடி. சத்தம் மட்டும் போடாத கண்ணு." குதிரை எங்கள் காம்பராவை நோக்கித் திரும்புகிறது, எனக்கு இடுப்பு விட்டுப் போகிறது, நான் துணியைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன். வெளியே கங்காணி சொன்னது தெளிவாகக் கேட்டது.

"அந்தக் கோடி முச்சூடும் காலிங்க தொரை. ஆளே இல்லைங்க. ரெண்டு பேரும் செத்துப் போயிட்டாங்க."

பக்கத்துக் காம்பராவுக்கு அது உண்மைதான். துரை தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார் என்று என் புருஷன் பிற்பாடு சொன்னார். அவர் அப்போது கொல்லைப்பக்கம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவோமே என்ற பயத்தில். குளம்புச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அம்மா துணியை எடுத்தாள். நான் கத்தினேன். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறாளே, இவள் பிறந்தாள். எழுதுகிற கை இந்த இடத்தில் நிற்கிறது, நிற்காதே எழுது என்கிறேன்.

பிள்ளைச் சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கிறது. விஷக்காய்ச்சல் வந்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்தில் உயிரோடு பிறந்த முதல் பிள்ளை. அம்மா வந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று கீழ் லயம் முழுக்கப் பேச்சு. அன்றைக்குக் கல்லின் மேல் இரண்டு சட்டி இருந்தது. அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி என் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "குளிருதுடி" என்றாள்.

என் காய்ச்சல் இறங்கியது, அவளுக்கு ஏறியது. என்னைவிட மோசமாக ஏறியது. மூச்சு இழுக்கிறபோது நெஞ்சுக்குள்ளே களகளவென்று சத்தம். நான் எழுந்து உட்கார முடிந்த நாளில் அவளால் முடியவில்லை. மல்லித்தண்ணியை வாயில் விட்டால் கடைவாயில் வழிந்தது. கங்காணியிடம் சொல்லி மருந்துக்கார ஐயாவைக் கூப்பிடுங்கள் என்று நான் என் புருஷனைக் கெஞ்சினேன். அவர் எழுந்தார். அம்மா கையை நீட்டி மறித்தாள். அதுவரை அவரை நிமிர்ந்து பார்க்காதவள், அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"தம்பி, எனக்கு ஆள் கூப்புட வேணாம். என்னையப் பாத்தா பச்சப் பிள்ளையோட உங்களயும் ரோட்டுல விட்டுருவாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நான் போனதும் இவள அழவிடாதீங்க. அழுகச் சத்தம் கேட்டா கீழ் லயத்துப் பொம்பளைங்க ஓடியாந்துருவாங்க. வேப்பிலையெல்லாம் பாக்க மாட்டாங்க, கட்டிப்புடிச்சு அழுவாங்க. நமக்குக் கூழு ஊத்துனவங்க, தம்பி."

அவர் "சரிங்கத்த" என்றார். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று மத்தியானத்துக்கு மேல் அம்மா போய்விட்டாள். பிள்ளை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. நான் அழவில்லை. அம்மாவின் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். தாய் செத்தால் மகள் ஒப்பாரி வைக்கவேண்டும். வாயடைத்து உட்கார்ந்திருந்தால் பெற்ற கடனைத் தீர்க்காதவள் என்பார்கள். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது எனக்கு. ஆனாலும் ஒரு சத்தம் வெளியே விடவில்லை.

என் புருஷன் கங்காணியைத் தேடிப் போனார். குழி வெட்டவும் தூக்கவும் இன்னொரு ஆள் வேண்டும். அவர் போய் நின்று, "ஐயா, அத்த செத்துப் போச்சு" என்றிருக்கிறார்.

"எந்த அத்தைடா?"

"அவ அம்மாங்க. அன்னைக்கு வந்துச்சே."

கங்காணி இவர் பின்னாலேயே வந்தார். நான் பிள்ளையோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வாசற்படிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். தரையில் அம்மாவைக் கம்பளியில் கிடத்தியிருந்தோம். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அட்டை கடித்த புண்கள் இன்னும் ஆறாமல் இருந்தன. ஒரு வெளியாள் இத்தனை நாள் தம் கண் முன்னால் இருந்திருக்கிறாள், தாம் துரையிடம் பொய் சொல்லியிருக்கிறோம், தாமே வேப்பிலை கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் விளங்குகிறது. இனி என்ன செய்யப்போகிறாரோ என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பூனாகலையிலருந்து நடந்தா வந்துச்சு?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"வழியில தண்ணி குடுக்கலைன்னு சொன்னது..."

"அம்மா சொன்னதுதாங்க."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். "அன்னைக்கும் சரியான எடத்துலதான் கழட்டியிருக்கேன்" என்றார். தலைப்பாகைத் துணியை அவிழ்த்து அம்மாவின் மேல் போர்த்தினார். மூங்கிலில் கம்பளியைக் கட்டி, முன்பக்கத்தை அவரே தோளில் வாங்கிக்கொண்டார். அவரை நான் வைத வசவுகள் எல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன.

தூக்குவதற்கு முன்னால் நான் எழுந்து வாசலில் தொங்கிய வேப்பிலையை அவிழ்த்தேன். வேறு பூ இல்லை, மாலை இல்லை. அதைத்தான் அவள் நெஞ்சின் மேல் வைத்தேன். லயத்துக்குப் பின்னால் உள்ள தேயிலை வழியாக இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். தப்பு இல்லை, சங்கு இல்லை. நான் பிள்ளையை எடுத்துக்கொண்டு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தேன்.

பொழுது சாய்கிற நேரம். ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ் லயத்துப் பெண் ஒருத்தி கூழ்ச் சட்டியோடு வந்தாள். என்னைவிட மூத்தவள், இளநீர் கொண்டுவந்தவள் அவள்தான். கல்லின் மேல் சட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏ பிள்ள, வேப்பிலையக் காணமே. அம்மா எறங்கிட்டாளா?"

பதில் சொல்லாவிட்டால் ஓடையைத் தாண்டி வந்துவிடுவாள்.

"எறங்கிருச்சுக்கா."

"நல்லபடியா அனுப்பி வச்சியா?"

"வச்சேன்க்கா."

"மனசு குளுந்து போனாளா?"

நான் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தேன். "குளுந்துதான் போச்சுக்கா."

அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டுவிட்டு, கையை வாயருகே கொண்டுபோய்க் குலவை போட்டாள். கீழ் லயத்து இஸ்தோப்பில் இருந்து இன்னொருத்தி எடுத்தாள். அவளிடமிருந்து அடுத்தவள். யாரும் கூடவில்லை, யாரும் யாரையும் தொடவில்லை, அவரவர் வாசலில் நின்றே போட்டார்கள். படுத்துக் கிடந்தவர்கள்கூடக் கதவைத் திறந்துகொண்டு வந்து போட்டார்கள். தப்புச் சத்தம் நின்றுபோன அந்தத் தோட்டத்தில் லயத்துக்கு லயம் ஏறி, மலைமேல் வரைக்கும் அந்தக் குலவை போனது. தேயிலைக்குள் போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது, கங்காணி கொஞ்சம் நின்று, பிறகு நடந்தார் என்று என் புருஷன் சொன்னார்.

அத்தனை பெண்கள் சத்தத்துக்கு நடுவில் ஒருத்தி அழுவது யாருக்கும் கேட்காது. நான் துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அம்மா, அம்மா என்று வாய்விட்டு அழுதேன்.